அயல்நாட்டில் மேற்படிப்பும் கல்லூரிப் பொதுவாழ்வும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அயல்நாடு சென்று படிப்பது பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். விண்ணப்பம் எழுதுவது எவ்வாறு, 1954-55ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும், நம் மாநில அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரால் வழங்கும் அயலக உயர்கல்வி உதவித்தொகையையும் பெறுவது எவ்வாறு என்பனவற்றையெல்லாம் எனக்கு முன்னர்ப் பேசிய நண்பர்கள் தெளிவாக விளக்கிவிட்டார்கள். ஆகவே, அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடங்குகிறேன். விமானத்தை விட்டு இறங்கிய பிறகு, வகுப்பறைக்கும் நூலகத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் வெளியே, கல்லூரி என்னும் சமுதாயத்தில் நம் பிள்ளைகள் எவ்வாறு வாழ வேண்டும் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இப்படிச் சொன்னவுடன் இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோர் சிலருடைய உள்ளத்தில் ஒரு கேள்வி எழக்கூடும். "படிக்கப் போன பிள்ளை படித்து முடித்து வந்தால் போதாதா? விருந்து, விளையாட்டு, கூட்டம் என்று போவானேன்?" என்று அவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நகையை அடகு வைத்தும், நிலத்தை ஈடு காட்டியும் பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்கு ஒவ்வொரு மணி நேரமும் பணம். அந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

கல்லூரி என்னும் அமைப்பு

எனக்குத் தெரிந்த இங்கிலாந்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் கல்லூரி என்பது நம் ஊர்க் கல்லூரியைப் போன்றதன்று. பட்டமேற்படிப்பு மாணவருக்குப் பாடம் நடத்துவதும், ஆய்வை வழிநடத்துவதும், பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகத்தையும் அதன் துறைகளையும் சார்ந்தவை. மாணவர் தங்குவதும், உண்பதும், பழகுவதும், நோயுற்றால் ஆதரவு தேடுவதும் கல்லூரியில். ஆக்ஸ்போர்டில் இத்தகைய கல்லூரிகள் 30க்கும் மேற்பட்டவை உள்ளன. மாணவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கல்லூரியின் உறுப்பினராக இருந்தே தீர வேண்டும்.

ஒவ்வொரு கல்லூரியிலும் பொது அறைகள் உண்டு. இளங்கலை மாணவருக்கு 'ஜூனியர் காமன் ரூம்'. ஆசிரியப் பெருமக்களுக்குச் 'சீனியர் காமன் ரூம்'. நெடுங்காலம் இவ்விரண்டே இருந்தன. இடைப்பட்ட பட்டமேற்படிப்பு மாணவருக்கு உட்கார ஓர் இடம் இல்லை. 1958ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டின் லிங்கன் கல்லூரி அவர்களுக்கெனத் தனியே 'மிடில் காமன் ரூம்' என்ற நடுப் பொதுவறையை ஏற்படுத்தியது. பின்னர் மற்றக் கல்லூரிகளும் அவ்வழியைப் பின்பற்றின. 1964ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் பட்டமேற்படிப்பு மாணவருக்கென்றே டார்வின் கல்லூரி நிறுவப்பட்டது. இன்று ஆக்ஸ்போர்டு மாணவரில் ஏறக்குறையப் பாதிப்பேர் பட்டமேற்படிப்பு மாணவர்களே. அவர்களிலும் பெரும்பான்மையோர் பிற நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

பொதுவறை என்றால் நாற்காலியும் செய்தித்தாளும் கிடக்கும் அறை மட்டுமன்று. அது ஒரு சங்கம். அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், மாணவர் நலம் பேணுவோர் ஆகியோர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். வரவு செலவு உண்டு, பொதுக்கூட்டம் உண்டு, தீர்மானம் உண்டு, வாக்கெடுப்பு உண்டு. விடுதி வாடகை உயர்ந்தாலும், உணவுக்கூடம் மூடும் நேரம் மாறினாலும் கல்லூரி நிர்வாகத்தோடு பேசுவோர் இவர்களே. பல கல்லூரிகளில் இதற்கான சந்தா உங்களுடைய கல்லூரிக் கணக்கிலேயே சேர்ந்துவிடும். அதாவது, போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் அதற்குப் பணம் கட்டியவர்கள். அங்கே போய் அமர்வது யாரோ இரங்கி அளிக்கும் சலுகையன்று, உங்கள் உரிமை.

அண்ணலின் மாணவப் பருவம்

"அண்ணல் அம்பேத்கர் பொழுது விடிந்தது முதல் நூலகத்திலேயே கிடந்தாரே; அவர் எந்தப் பொதுவறைக்குப் போனார்?" என்று மாணவ நண்பர்கள் கேட்பதுண்டு. அவருடைய உழைப்பு ஒப்பற்றது. ஆனால் அவ்வாழ்வின் மற்றொரு பகுதியை நாம் போதிய அளவு படிப்பதில்லை.

பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 11.50 பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவித்தொகையைக் கொண்டு, 1913ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அண்ணல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தார். முதலில் ஹார்ட்லி ஹால் என்ற விடுதியில் தங்கினார். அவ்விடத்து உணவு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு இந்திய மாணவர் சிலர் தங்கியிருந்த காஸ்மபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். இறுதியில் லிவிங்ஸ்டன் ஹால் விடுதியில் நவல் பதேனா என்ற பார்சி இளைஞரோடு தங்கினார். அந்த அறையில் தொடங்கிய நட்பு வாழ்நாள் முழுதும் நிலைத்தது.

அந்த நட்பு என்ன செய்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1917ஆம் ஆண்டில் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால், இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் தொடங்கிய படிப்பை நடுவிலே விட்டு அண்ணல் தாயகம் திரும்ப நேர்ந்தது. 1920ஆம் ஆண்டில் அவர் மீண்டும் இலண்டனுக்குக் கப்பலேறினார். தாம் பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராசர் அளித்த உதவி, இவற்றோடு நவல் பதேனா கொடுத்த கடனும் சேர்ந்தே அப்பயணத்தைக் கூடுவித்தன. 1921இல் முதுநிலைப் பட்டமும், 1923இல் அறிவியல் முனைவர் பட்டமும் அவரை வந்தடைந்தன. விடுதி அறையிலே பெற்ற நண்பர் ஒருவர் இல்லாதிருந்தால் அந்த இரண்டாம் பயணம் இன்னும் எத்தனை கடினமாகியிருக்கும்?

இன்னொன்றும் உண்டு. 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் நடத்திய ஆய்வரங்கில், இந்தியாவில் சாதிகள் தோன்றி வளர்ந்த முறை பற்றிய கட்டுரையை அண்ணல் படித்தார். அப்போது அவருக்கு வயது 25. அயல்நாட்டு மாணவர் நடுவில் எழுந்து நின்று தம் மக்களின் நிலைக்குக் காரணம் கூறிய அக்கட்டுரை மறு ஆண்டே அச்சேறியது. தம் வாழ்வில் வாய்த்த மிகச் சிறந்த நண்பர்களுள் கொலம்பியா வகுப்புத் தோழர்களும் டூயி, செலிக்மன், ஷாட்வெல், ராபின்சன் முதலிய பேராசிரியர்களும் அடங்குவர் என்று 1930ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்துப் பழைய மாணவர் இதழில் அவர் நன்றியோடு குறிப்பிட்டார். நூலகத்தில் தவம் கிடந்தவரே தோழமையையும் இவ்வாறு மதித்தார் என்பதை நம் மாணவர்கள் மறத்தலாகாது.

பொது மேசை

1916ஆம் ஆண்டில் அண்ணல் இலண்டனில் கிரேஸ் இன் என்ற வழக்கறிஞர் அமைப்பிலும் சேர்ந்தார். அத்தகைய அமைப்புகளில் அக்காலத்தில் ஒரு பழைய விதி இருந்தது. சட்டத் தேர்வில் தேறியது மட்டும் போதவில்லை. பருவந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொதுக் கூடத்தில் அமர்ந்து மற்றவரோடு உணவருந்தியிருக்கவும் வேண்டியிருந்தது. உடன் உண்ணாதவர் அன்று பாரிஸ்டர் ஆக இயலாதிருந்தது!

பள்ளிப் பருவத்தில் தண்ணீர்ப் பானையைத் தொட விடாமல் ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு, உடன் உண்ணுதல் தகுதியாகவே விதிக்கப்பட்டது. தேநீர்க் கடையில் தனிக் குவளையைக் கண்ட நம் முதியோர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. அயல்நாடுகளில் வாழ்ந்த ஐந்தாண்டுகள் தாம் தீண்டப்படாதவர் என்ற உணர்வையே தம் உள்ளத்திலிருந்து துடைத்துவிட்டன என்று 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் அண்ணல் எழுதியுள்ளார். அவ்வுணர்வு நீங்கியவராக அவர் பரோடாவுக்குத் திரும்பியபோது, தங்குவதற்கு ஓர் இடம் கிடைக்காமல் அலைந்தார் என்பதும் அதே குறிப்பில் உள்ளது. சமத்துவத்தைப் புத்தகத்தில் படித்தவருக்கும், அதை நாள்தோறும் உண்டு வாழ்ந்தவருக்கும் வேறுபாடு உண்டு. பின்னவர் தாழ்வை இயல்பென்று ஏற்றுக்கொள்ளமாட்டார்.

கல்லூரி உணவுக்கூடமும் அத்தகைய ஓர் இடமே. நீண்ட மேசைகள், வரிசையாக இருக்கைகள், முன்பின் அறியாதவர் பக்கத்தில் அமர்ந்து பேசிக்கொண்டே உண்ண வேண்டும். மேடு பள்ளமே இல்லாத இடம் அது என்று நான் சொல்லவில்லை. பல கல்லூரிகளில் ஆசிரியர்களுக்கென்று 'உயர் மேசை' ஒன்று தனியே உண்டு. ஆக்ஸ்போர்டின் வுல்ஃப்சன் கல்லூரி போன்ற சில கல்லூரிகள் அதையும் வேண்டாமென்று விட்டுவிட்டன. எனினும் அந்த உயர்வு பதவியால் வருவது, பிறப்பால் வருவதன்று. இன்று கீழ் மேசையில் இருக்கும் மாணவர் நாளை ஆசிரியராகி அங்கே அமரலாம்.

முள்கரண்டி பிடிக்கத் தெரியாதே, ஆங்கிலம் தடுமாறுமே, மது அருந்தச் சொல்வார்களே என்ற அச்சங்கள் நம் பிள்ளைகளுக்கு உண்டு. கரண்டி பிடிப்பதைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். சீனரும் பிரேசில் நாட்டவரும் ஜெர்மானியரும் அமர்ந்திருக்கும் மேசையில் தடுமாறாத ஆங்கிலம் பேசுவோர் சிலரே. மது வேண்டாம் என்றால் பழச்சாறு தருவார்கள்; காரணம் கேட்பது அங்கே நாகரிகமன்று.

நம் நாட்டவர் வட்டம்

இனிக் கூறப்போவது சற்றுக் கசப்பானது; எனினும் கூறாமல் விடுவது கடமையாகாது.

அயல்நாட்டில் இறங்கியவுடன் நம் பிள்ளைகள் முதலில் தேடுவது இந்திய மாணவர் வட்டத்தைத்தான். மொழியும் உணவும் பழக்கமும் அங்கே கிடைக்கும். அதில் தவறில்லை. நல்ல நண்பர்கள் பலரும் அங்கே கிடைப்பார்கள். ஆனால், "முழுப் பெயர் என்ன? ஊரில் எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்?" என்று அடுக்கடுக்காகத் தொடுக்கப்படும் கேள்விகளும் அங்கேதான் காத்திருக்கின்றன. கடல் கடந்தால் சாதி கரைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பெட்டிக்குள் மடித்து வைத்து அதைக் கொண்டு வருவோரும் உண்டு.

நான் படித்த காலத்தில், பட்டமேற்படிப்பு மாணவர் விடுதியில் எங்கள் ஆறு பேருக்கு ஒரு சமையலறை இருந்தது. ஆங்கிலேயர் இருவர், கிரேக்கர் ஒருவர், நைஜீரியர் ஒருவர், நம் நாட்டவர் மற்றொருவர், நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்தேன். தம் நாட்டிலும் உலர்ந்த மீன் உண்டென்று மகிழ்ந்து நைஜீரிய நண்பர் சோறு கேட்டார். கிரேக்க நண்பர் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு அவரும் வந்து அமர்ந்தார். மறுநாள் நம் நாட்டவர் தம் தட்டுகளையும் பாத்திரங்களையும் தனி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவ்வாரத்து விடுதிக் கூட்டத்தில், கடும் வாசனையுள்ள உணவுகளைச் சமைக்கக் கூடாதென்று ஒரு விதியையும் அவரே முன்மொழிந்தார்.

நான் அக்கூட்டத்தில் இருந்தேன். "யாருடைய உணவு வாசனை, யாருடைய உணவு நாற்றம் என்பதை எவர் முடிவு செய்வது? எந்த உணவைச் சமைத்தாலும் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும்; அன்றே அடுப்பைத் துடைத்து, குப்பையை அகற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி செய்வோம்" என்று கூறினேன். வாக்கெடுப்பில் என் விதியே நிறைவேறியது. இது பெரிய வெற்றியன்று. ஒரு சமையலறைச் செய்திதான். ஆனால் கூட்டத்துக்குப் போகாமல் அறைக்குள் படித்துக்கொண்டிருந்தால், நான் என்ன உண்ணலாம் என்பதை என்னைக் கேளாமலே பிறர் எழுதியிருப்பார்கள். ஊரில் நம் முன்னோர்க்கு அப்படித்தான் விதிகள் எழுதப்பட்டன. அவர்கள் அவையில் இல்லை. நாம் இருக்க முடிகிறபோது இல்லாமல் போகலாமா?

இதையே பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் அமெரிக்க நாட்டில் உள்ளனர். 2019ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பிரான்டைஸ் பல்கலைக்கழகம், பாகுபாட்டுக்கு எதிரான தன் விதியில் சாதியையும் சேர்த்தது. 2021ஆம் ஆண்டில் ஹார்வர்டு பட்டமேற்படிப்பு மாணவர் தொழிற்சங்கம் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், சாதியால் பாகுபாடு காட்டலாகாது என்பதும் இடம்பெற்றது. அதே ஆண்டில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் இதுபற்றித் தீர்மானம் இயற்றியது. அடுத்த ஆண்டு, 2022 ஜனவரியில், அப்போது 23 வளாகங்களைக் கொண்டிருந்த அப்பல்கலைக்கழகம் சாதியைத் தன் விதியில் சேர்த்துக்கொண்டதை அறிவித்தது. சாதி என்றால் என்னவென்றே அறியாதிருந்த பிற நாட்டு மாணவர்களுக்கு அதை எடுத்துச் சொல்லி, அவர்களுடைய கைகளையும் உயர்த்தச் செய்தவர்கள் பொதுச் சங்கங்களுக்குள் சென்று பணியாற்றியவர்களே. தனி அறையில் வருந்திக்கொண்டிருப்பதால் ஒரு விதியும் மாறுவதில்லை.

செய்ய வேண்டுவன

அயல்நாடு செல்லவிருக்கும் மாணவர்களுக்குச் சில நடைமுறைக் கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, தொடக்கத்திலேயே போங்கள். ஆக்ஸ்போர்டில் ஓர் ஆண்டுக்கு மூன்று பருவங்கள்; ஒவ்வொரு பருவத்திலும் முழுமையாகப் பாடம் நடப்பது எட்டு வாரங்களே. முதுநிலைப் பட்டப் படிப்புகளில் பல ஓராண்டுக்குள் முடிந்துவிடும். "முதல் பருவம் படிப்பு, பிறகு பழக்கம்" என்று எண்ணினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதற்குள் மற்றவர்கள் தங்கள் நண்பர்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். முதல் வாரத்தில் எல்லோருமே புதியவர்கள், எல்லோருமே தனியர்கள்.

இரண்டாவது, ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். விருந்தினராகப் பத்து முறை போவதைவிட, நாற்காலி அடுக்குபவராக ஒரு முறை போவது மேல். வேலையைப் பகிர்ந்துகொள்ளும்போது பேச்சுத் தானே வரும். கூச்சம் தானே போகும். பொருளாளர் பதவியோ செயலாளர் பதவியோ கிடைத்தால் தயங்காதீர்கள். கணக்கு எழுதுவதும், கூட்ட நடவடிக்கைகளைப் பதிவு செய்வதும், தீர்மான வாசகம் அமைப்பதும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத கல்வி.

மூன்றாவது, தெரியாத ஒன்றைத் தொடங்குங்கள். ஆக்ஸ்போர்டில் துடுப்பையே தொட்டறியாதவர்களைக் கொண்டு கல்லூரிதோறும் படகுக் குழு அமைப்பார்கள். துடுப்புப் போட எட்டுப் பேர், படகைச் செலுத்த ஒருவர். அத்தகைய புதியவர்களுக்கென்றே முதல் பருவத்தில் ஒரு போட்டியும் உண்டு. எட்டுப் பேரில் ஒருவர் வராவிட்டாலும் அன்றையப் பயிற்சி கெடும். நாம் வராவிட்டால் பிறர் தேடுவார்கள் என்ற நிலை மனிதனுக்கு எவ்வளவு தெம்பு தருகிறது என்பதைச் சொல்லில் விளக்க இயலாது.

நான்காவது, துன்பத்தை மறைக்காதீர்கள். டிசம்பர்த் திங்களில் மாலை நான்கு மணிக்கே அங்கு இருட்டிவிடும். ஆய்வு மாணவருக்கு வகுப்புத் தோழர்கள் கிடையாது. மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே பொருளோடு தனித்திருக்க வேண்டும். உதவித்தொகை வந்து சேரத் தாமதமாகும். வாடகை நாள் தாமதிக்காது. இத்தகைய வேளையில் உதவவே பொதுவறையில் நலம் பேணுவோரும், கல்லூரியில் அதற்கென அலுவலரும் உள்ளனர். "நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்" என்று எண்ணிப் பட்டினி கிடக்கும் பிள்ளைகள் உண்டு. பழகியவரிடம் கேட்பது எளிது. பழகாதவரிடம் கேட்பது அரிது. அந்த ஒரு காரணத்துக்காகவேனும் முன்கூட்டியே பழகிவையுங்கள்.

ஐந்தாவது, அளவு தவறாதீர்கள். வாரத்தில் ஒரு மாலையும், ஒரு பொறுப்பும் போதும். பட்டம் பெறாமல் பொதுவாழ்வு மட்டும் பெற்றுத் திரும்பினால், நகையை அடகு வைத்த தாய்க்கு நாம் என்ன விடை சொல்வது?

நிறைவாக

பெற்றோர்களே! உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான். படிப்பறிவு மட்டும் வேண்டுமானால் நூல்களை இங்கேயே வரவழைத்துக்கொள்ளலாம். பல நாட்டு மக்களோடு ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே அவையில் வாக்களித்து, தம்மைப் பற்றிய விதிகளைத் தாமே இயற்றிப் பழகும் வாய்ப்பை வரவழைக்க இயலாது. அதற்காகவே உங்கள் பிள்ளை அவ்வளவு தொலைவு போகிறது. படிப்பை முடித்த பிறகு எஞ்சும் நேரத்தில் செய்யும் பொழுதுபோக்காக அதை எண்ணாதீர்கள்; அதுவும் படிப்பே.

மாணவர்களே! நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்ததற்குக் காரணம், கணக்குப் புத்தகத்தையும் நடவடிக்கைப் புத்தகத்தையும் ஒரு நாளும் தவறாமல் எழுதிவந்த பெரியோர்கள். அவர்களில் பலர் பள்ளி இறுதி வகுப்பைக்கூடக் கண்டவர்கள் அல்லர். வயது முதிர்ந்த அவர்கள் அப்புத்தகங்களை யாரிடம் ஒப்படைப்பது என்று எதிர்நோக்கியிருக்கிறார்கள். அயல்நாட்டுப் பொதுவறையில் அவை நடத்தக் கற்ற நீங்கள் திரும்பி வந்து அவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்து விமானம் ஏறும் தம்பிக்கும் தங்கைக்கும், எந்தக் கல்லூரியில் எந்தக் கதவைத் தட்டலாம் என்று கடிதம் எழுதித் தெரிவிக்க வேண்டும். இதுவே நான் உங்களிடம் வைக்கும் வேண்டுகோள்.